கோவை சரவணம்பட்டியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி: மூன்று வருஷம் இருந்தவனின் விமர்சனம்

பெயர் வேண்டாம், அங்கே இருக்கிறவர்களுக்குச் சங்கடம். மொத்தம் 14 பேர், கீழே பேக்கரி, மாடியில் ஆபீஸ். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன், மூன்றும் அங்கே கற்றுக்கொண்ட வேலைக்கு.

என் காலேஜ் நண்பர்கள் பெரிய கம்பெனியில் சேர்ந்து ப்ராஜெக்ட் எதுவும் கிடைக்காமல் மாதக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, நான் இரண்டாவது வாரமே கஸ்டமர் போனை எடுத்துவிட்டேன். டெஸ்டர், சப்போர்ட் என்று தனியாக யாரும் கிடையாது, புரோகிராம் எழுதுகிறவன்தான் சர்வரையும் பார்க்க வேண்டும், யுபிஎஸ் பேட்டரிக்குத் தண்ணீரும் ஊற்ற வேண்டும்.

சாயப்பட்டறைக்கு எத்தனை கிலோ துணி போனதோ அத்தனை கிலோ திரும்பி வந்தால்தான் வரவு வைக்க முடியும் என்று சாஃப்ட்வேரில் ஒரு கட்டுப்பாடு எழுதி, கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் ஒரு கணக்குப்பிள்ளை போனில் பிடித்துக்கொண்டார். "ஏனுங் தம்பி, சாயம் போட்டா எடை குறையத்தானுங்க செய்யும், வண்டி வாசல்ல நிக்குது, உங்க சாஃப்ட்வேரு உள்ள விடமாட்டேங்குது." துணிக்குத் துணி பிராசஸ் லாஸ் மாறும் என்பதை சாஃப்ட்வேர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதித் தரும் எந்த ஸ்பெக்கிலும் நான் படித்ததில்லை.

அப்புறம் ஜிஎஸ்டி. மாதம் 11ஆம் தேதி விற்பனைக் கணக்கைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்குக் கடைசி நாள், அந்த வாரம் லீவு கேட்டால் முறைப்பார்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி டர்ன்ஓவர் தாண்டியவர்களுக்கும் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவது, கட்டாயம் என்றானபோது எங்கள் கஸ்டமர்களில் பாதிப் பேர் அதற்குள் வந்துவிட்டார்கள், போர்ட்டல் தருகிற ஐஆர்என் என்ற பதிவு நம்பர் விழாவிட்டால் பில்லே செல்லாது என்பதால் ஜூலை கடைசி வாரம் ஆபீசிலேயே படுத்தோம். ஓனரும் கூடவே இருந்தார், பரோட்டா வாங்கி வந்ததும் அவர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

குறை சம்பளத்தில். ஒன்றாம் தேதி என்பது பேச்சுக்கு, கஸ்டமர் பணம் போட்டால்தான் நமக்கு வரும், ஒரு தடவை 19ஆம் தேதி வந்தது. 20 பேருக்குக் குறைவு என்பதால் பிஎஃப் சட்டப்படி கட்டாயமில்லை, அவர்களும் பிடிக்கவில்லை. கையில் கூடுதலாக வருகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். அடுத்த கம்பெனியில் பேக்ரவுண்ட் செக்கின்போது யுஏஎன் என்கிற பிஎஃப் நம்பர் எங்கே என்று கேட்டார்கள், மூன்று வருஷ பேங்க் ஸ்டேட்மென்டைக் காட்டித்தான் தப்பித்தேன். சம்பளத்தில் பாதியை ரொக்கமாகத் தருகிற இடமாக இருந்தால் அதுவும் முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடு ரிவ்யூ, அதாவது ஒருவர் எழுதிய புரோகிராமை இன்னொருவர் பார்த்துச் சரிசெய்வது, கிடையாது. கஸ்டமர் பயன்படுத்துகிற லைவ் டேட்டாபேஸிலேயே நேராக அப்டேட் அடிப்பார்கள், நானும் அடித்தேன், ஒருமுறை எதை மட்டும் மாற்ற வேண்டும் என்று சொல்லும் வேர் கிளாஸ் (WHERE) போட மறந்து ஒரு மில்லின் மொத்த விலைப்பட்டியலும் ஒரே விலையாகிவிட்டது. திட்டவும் ஆளில்லை, இப்படிச் செய்யாதே என்று சொல்லித்தரவும் ஒரு சீனியர் இல்லை. மூன்றாவது வருஷம் புதிதாக எதுவும் கற்றுக்கொண்டதாக ஞாபகமில்லை.

படிப்பு முடித்த கையோடு என்றால் இரண்டு வருஷத்துக்குப் போகலாம். வீட்டுக்கடன் இருக்கிறவர்கள் வேண்டாம். பைக் பார்க்கிங் உண்டு, பேக்கரிக்காரர் விட்டால்.