குளோரின் மாத்திரை: மருந்து நல்லது, அளவில்தான் கோட்டை விடுகிறோம்

காலரா, டைஃபாய்டு, சீதபேதி பரவும்போது குடிநீரில் போடச் சொல்லித் தரும் மாத்திரை இது. உள்ளே இருப்பது, நீரில் கரைந்ததும் குளோரினை வெளிவிடும் சோடியம் டைகுளோரோஐசோசயனுரேட். பிளீச்சிங் பவுடர் திறந்து வைத்த சில வாரங்களிலேயே வீரியம் இழக்கும். ஃபாயில் அட்டையில் அடைத்த இந்த மாத்திரை பிரிக்காதவரை ஆண்டுக்கணக்கில் தாங்கும். இருப்பு வைப்பதற்கு இதைவிட வசதியானது இல்லை.

ஆனால் அட்டையைப் பிரிக்கும் முன் மில்லிகிராமைப் பாருங்கள். 67 மி.கி. மாத்திரை 20 லிட்டர் தெளிந்த நீருக்கு, 33 மி.கி. என்றால் 10 லிட்டருக்கு. இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுதான், எழுத்தோ எறும்பு அளவு. தயாரிப்பாளர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய பெரிய குறை இது. 67-ஐ 5 லிட்டர் பாத்திரத்தில் போட்டால் நான்கு மடங்கு குளோரின், நெடி தாங்காது. "மாத்திரையே சரியில்லை" என்று தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பழைய தண்ணீருக்கே திரும்புகிறார்கள். 33-ஐ 20 லிட்டரில் போடுவது அதைவிட மோசம்: நெடி இருக்காது, கிருமி இருக்கும்.

மாத்திரை கரைந்த பின் கலக்கி, மூடி, 30 நிமிடம் விடவேண்டும். குளிர்ந்த நீருக்கு இன்னும் அதிக நேரம். எலுமிச்சை பிழிவது, வைட்டமின் சி சேர்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். முன்பே சேர்த்தால் அவை குளோரினை முறித்துவிடும்.

கலங்கல் நீர்தான் இதன் பலவீனம். சேறும் இலைதழைச் சத்தும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. முதலில் தெளியவிட்டு, நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். அதன் பிறகும் மங்கலாக இருந்தால் மாத்திரையை இரட்டிப்பாக்குங்கள். அரை மணி கழித்துப் பரிசோதனைக் கருவியில் தனி குளோரின் (எதனுடனும் சேராமல், கிருமியைக் கொல்ல மிஞ்சி நிற்பது) லிட்டருக்கு 0.5 மி.கி.யாவது காட்ட வேண்டும். டிபிடி பொடி போட்டு இளஞ்சிவப்பு நிறம் பார்க்கும் கருவியே நல்லது. மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓடிஓ திரவம், வேறு பொருளோடு சேர்ந்துவிட்டதையும் கூட்டி மொத்தக் குளோரினைத்தான் காட்டும், நம்பி ஏமாறலாம்.

கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணிக்கு இது பலிக்காது. அந்தச் சந்தேகம் இருந்தால் தளதளவென ஒரு நிமிடம் கொதிக்க வைப்பதுதான் வழி. கொதித்த நீருக்கு ஒரு குறை உண்டு: ஆறிய பிறகு கை பட்டால் மறுபடி கெடும். குளோரின் நீரில் மிச்சம் நின்று கொஞ்சம் காவல் காக்கும்.

அந்த மிச்சம் நிற்பது பாத்திரத்தைப் பொறுத்தது. மண்பானையிலும் துருப்பிடித்த இரும்பிலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். குழாய் வைத்த, மூடியுள்ள பிளாஸ்டிக் கொள்கலனே பொருத்தம்; 24 மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள்.

மாத்திரையை விழுங்கக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நுரைத்துக் கரையும் வகையில் ஏதாவது ஒன்று நுரைக்காமல் அடியில் கிடந்தால், ஈரம் பட்டுப்போன மாத்திரை அது. அந்தத் தண்ணீருக்குப் புது அட்டையிலிருந்து எடுத்துப் போட்டு, மறுபடி 30 நிமிடம் எண்ணுங்கள்.