ஹேமர் பவளம் சுருங்கியபோது வாங்கிய கருவி: ஹன்னா எச்ஐ772

மூன்று தலை கொண்ட ஹேமர் பவளம் (சுத்தியல் வடிவ நுனிகள் கொண்ட ஒரு கல் பவளம்) ஒன்று என் 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் எட்டு மாதமாக நன்றாகத்தான் இருந்தது. திடீரென்று ஒரே வாரத்தில் சுருங்கிவிட்டது. சதை உள்ளே இழுத்துக்கொள்ள, எலும்புக்கூட்டின் விளிம்பு ஈறு தேய்ந்த பல் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது.

பதற்றத்தில் என்னென்னவோ செய்தேன். விளக்கைக் குறைத்தேன், அலை மோட்டாரைத் திருப்பி வைத்தேன், பவளத்தை அயோடின் கரைசலில் முக்கி எடுத்தேன். இதற்கிடையே ஒரு தலையில் பழுப்பாகக் கோழை படிந்து அது அழுகிப் போனது. ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் வகை உப்புகளின் அளவை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கிட் 8 டிகேஎச் (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) என்று சொல்லியிருந்தது. அந்தக் கிட் காலாவதியாகி ஐந்து மாதம். பெட்டியைத் திருப்பிப் பார்க்காதது என் தப்பு.

பிறகுதான் இந்த டிஜிட்டல் கருவியை வாங்கினேன். முதல் அளவு 6.1. நம்பாமல் மறுபடி பார்த்தேன், 6.2. கல் பவளங்கள் தண்ணீரில் உள்ள கார்பனேட்டை எடுத்துத்தான் எலும்புக்கூடு கட்டுகின்றன. கடலில் ஏறக்குறைய 7 டிகேஎச் இருக்கும், தொட்டி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் 8, 9 என்று வைத்துக்கொள்வார்கள். என் பவளம் தினமும் எடுத்துக்கொண்டதை நான் திருப்பிப் போடவே இல்லை.

பயன்படுத்துவது எளிது. குப்பியில் 10 மில்லி தொட்டித் தண்ணீர் எடுத்துக் கருவியில் வைத்து பொத்தானை அழுத்த வேண்டும். அப்புறம் ஊசிக்குழலால் 1 மில்லி ரசாயனம் விட்டு, மூடி, மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கி மறுபடி அழுத்தினால் எண் வந்துவிடும். மஞ்சளா பச்சையா என்று மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கிற வேலை இல்லை. ஆனால் கை சுத்தம் வேண்டும். குப்பியில் விரல் ரேகை இருந்தாலோ, ஊசிக்குழலில் காற்றுக் குமிழி புகுந்தாலோ எண் மாறிவிடும். ஒருநாள் அதே தண்ணீருக்கு 7.4, பிறகு 8.3 என்று வந்தது. பார்த்தால் குழலில் குமிழி! இப்போது குப்பியைத் துணியால் துடைக்காமல் உள்ளே வைப்பதே இல்லை. ஒரு பாட்டில் ரசாயனம் 25 சோதனைக்குத்தான் வரும், தினமும் பார்ப்பவருக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. இது ஆல்கலினிட்டியை மட்டும்தான் அளக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். கால்சியம், மெக்னீசியத்துக்கு வேறு கிட் வேண்டும்.

அளவு தெரிந்ததும் அவசரப்படவில்லை. ஒரே நாளில் ஏற்றினால் இளைத்த பவளம் இன்னும் துவண்டுவிடும். 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா ஏறக்குறைய 1 டிகேஎச் உயர்த்தும். நான் தினமும் 2 கிராமைக் கரைத்து, அலை அடிக்கும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். ஆறாம் நாள் 8.2. அதன்பின் தினமும் அரை கிராம் போதுமாக இருக்கிறது. இந்த அரை கிராமைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்கே கருவிக்குப் போட்ட காசு சரியாகிவிட்டது.

பவளம் உடனே எழுந்திருக்கவில்லை. பத்து நாள் அப்படியே கிடந்தது. பதினோராம் நாள் காலையில் விளக்கு எரிந்ததும் ஒரு தலை பாதி விரிந்திருந்தது. மூன்று வாரத்தில் இரண்டு தலைகளும் இறால் துண்டை வாங்கிக்கொண்டன. செத்துப்போன மூன்றாவது தலைமேல் இப்போது பாசி படிந்திருக்கிறது. அதைப் பழைய பல் தூரிகையால் வாரம் ஒருமுறை தேய்க்கிறேன்.