தாடை மூட்டு வலிக்குச் சத்துவாச்சாரியில் ஒரு பல் மருத்துவமனை

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள சிறிய பல் மருத்துவமனை ஒன்றில் தாடை மூட்டு வலிக்குச் சிகிச்சை பெற்று வருகிறேன். இந்த வலியைக் காது வலி என்று எண்ணி அலைந்துகொண்டிருக்கும் எவருக்கும் அந்த இடத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மருத்துவர் முதலில் பற்களைப் பார்க்கவில்லை. இரு காதுகளுக்கும் முன்னால் விரல்களை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். பின்னர் கன்னத்துத் தசையை அழுத்தி, வலி எங்கே பரவுகிறது என்று கேட்டார். அடுத்து, கடந்த 2 வாரங்களின் மனப்பதற்றத்தை அளவிடும் 7 கேள்விகள் கொண்ட படிவத்தைத் தந்தார். பல் வைத்தியத்துக்கு இது எதற்கு என்று உடன் வந்த என் அக்கா கேட்டபோது, பதற்றம் உள்ளவர்களில் பலர் தம்மை அறியாமலே பற்களை இறுகக் கடிப்பதால் தாடைத் தசைகள் ஓய்வின்றி வலிக்கின்றன என்றும், நீடித்த வலி தூக்கத்தைக் கெடுத்துப் பதற்றத்தை மேலும் கூட்டுகிறது என்றும், ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்றும் பொறுமையாக விளக்கினார். தாடை மூட்டுக் கோளாறுகளுக்காக 2014இல் வெளியான சர்வதேச நோயறிதல் நெறிமுறையும் உடல் பரிசோதனையோடு மனநிலையையும் மதிப்பிடவே சொல்கிறது.

இரவில் பற்களின் மேல் அணியும் கவசம் பல் தேய்மானத்தைத் தடுக்குமே தவிரப் பதற்றத்தைத் தீர்க்காது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னதை நான் பெரிதும் மதிக்கிறேன். உதடுகள் மூடியிருக்கும்போதும் மேல் பற்களும் கீழ்ப் பற்களும் ஒட்டாமல் இருக்கப் பழகச் சொல்லி, மனநல ஆலோசகருக்கும் கடிதம் கொடுத்தார்.

முன்பதிவு செய்திருந்தாலும் மாலையில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியுள்ளது. பதற்றத்தோடு வருபவர்களுக்குக் கூட்டம் குறைந்த காலை வேளையே ஏற்றது.