கப்பலூர் ஆலைக்கு எந்த நாற்கால் ரோபோ? ஸ்பாட், எனிமல், யூனிட்ரீ: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் 2020 ஜூன் மாதத்தில் ஸ்பாட் ரோபோவைப் பொதுவிற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் விலை 74,500 டாலர். மூன்று ஆண்டுகள் கழித்துச் சீனாவின் யூனிட்ரீ நிறுவனம் அறிமுகப்படுத்திய கோ2 ரோபோவின் தொடக்க விலை 1,600 டாலர். இரண்டுக்கும் நான்கு கால், பன்னிரண்டு மோட்டார், இரண்டுமே படியேறும். விலையில் மட்டும் 40 மடங்குக்கு மேல் இடைவெளி. மதுரையைச் சுற்றியுள்ள கப்பலூர், மேலூர், திருமங்கலம் பக்கத்து ஆலைகளின் பராமரிப்புப் பிரிவினர் இந்த இயந்திரங்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால், முதலில் கேட்க வேண்டியது அந்த இடைவெளிக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான்.

நடக்கும் திறன் இன்று மலிவாகிவிட்டது. மார்க் ரெய்பர்ட் 1992-இல் தொடங்கிய பாஸ்டன் டைனமிக்ஸ், 2005-இல் காட்டிய பிக்டாக் ரோபோவைப் பெட்ரோல் எஞ்சினாலும் ஹைட்ராலிக் அழுத்தத்தாலும் ஓட்டியது. அந்த வழியில் வந்த எல்எஸ்3 என்ற சுமை தூக்கும் ரோபோவை, அது எழுப்பிய சத்தம் படையினரைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், அமெரிக்க மரைன் படை 2015-இல் ஒதுக்கிவைத்தது. அதன்பின் மின்மோட்டாரின் காலம் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட மினி சீட்டா என்ற நாற்கால் ரோபோவின் எடை ஏறக்குறைய 9 கிலோதான். ஒரே மாதிரியான 12 மோட்டார்கள், குறைந்த கியர் விகிதம், தரை கொடுக்கும் எதிர்விசையை மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தை வைத்தே கணிக்கும் முறை ஆகியவை, விலையுயர்ந்த விசை உணரிகள் இல்லாமலும் நன்றாக நடக்கலாம் என்று காட்டின. இதே காலத்தில் சூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தினர், நடையைக் கணினிக்குள்ளேயே பல லட்சம் முறை பயிற்றுவித்து, பிறகு உண்மையான ரோபோவில் ஏற்றும் முறையை மேம்படுத்தினார்கள். ஆகவே இன்று 'படியேறுமா' என்று மட்டும் கேட்டு இயந்திரம் வாங்குவது பயனற்றது; எல்லாமே ஏறும்.

ஸ்பாட்டின் பலம் அதைச் சுற்றி வளர்ந்துள்ள மென்பொருளில் இருக்கிறது. ஏறத்தாழ 32 கிலோ எடையுள்ள இது 14 கிலோ வரை சுமக்கும். ஒரு சார்ஜில் சுமார் 90 நிமிடம் ஓடும். ஒருமுறை கையால் நடத்திக் காட்டிய பாதையில் மறுமுறை தானாகச் சென்று, அழுத்தமானியைப் படம் பிடித்து முள் எங்கே நிற்கிறது என்று வாசித்து, வெப்பக் கேமராவால் பேரிங் சூட்டைப் பதிவுசெய்து, சார்ஜ் மேடைக்குத் திரும்பிவிடும். 2021-இல் ஹூண்டாய் குழுமம் பெரும்பான்மைப் பங்கை வாங்கியபின், தொழிற்சாலை ரவுண்ட்ஸ்தான் இதன் முதன்மைச் சந்தை என்பது தெளிவாகிவிட்டது. குறை, ஐபி54 என்ற காப்புத் தரம். தூறலையும் ஓரளவு தூசியையும் தாங்கும். தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் தரைக்கும், மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் அறுவை ஆலையின் ஈரக் கல்மாவுக்கும் இது போதாது.

ஈ.டி.எச்.சிலிருந்து 2016-இல் பிரிந்து உருவான எனிபாட்டிக்ஸின் எனிமல், அந்த இடத்தில் முந்துகிறது. எடை 50 கிலோவை ஒட்டியது; காப்பு ஐபி67, அதாவது தூசி புகாது, சிறிது நேரம் நீரில் மூழ்கினாலும் தாங்கும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா 2021-இல் நடத்திய சுரங்கப் போட்டியின் இறுதிச் சுற்றில் வென்ற செர்பரஸ் அணியின் நடக்கும் ரோபோக்கள் இவையே. இதன் எனிமல் எக்ஸ் என்ற வகை, எரிவாயு அவ்வப்போது பரவக்கூடிய 'ஸோன் 1' பகுதிகளுக்காகவே வடிவமைக்கப்பட்டது. எரிவாயு நிரப்பும் ஆலையோ பெட்ரோலியக் கிடங்கோ வைத்திருப்பவருக்கு இந்த ஒரு தகுதியே ஒப்பீட்டை முடித்துவைக்கும். மற்ற இரண்டையும் அந்த வேலிக்குள் விடவே கூடாது. பஞ்சாலைக்காரருக்கோ இது தேவைக்கு மீறிய செலவு.

யூனிட்ரீயின் விலைப்பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். 1,600 டாலர் கோ2, கைப்பேசியால் ஓட்டி மகிழும் பொருள். அதில் சொந்த நிரலை ஏற்ற வேண்டுமானால் பல மடங்கு விலையுள்ள 'எடு' (EDU) வகையை வாங்க வேண்டும். தொழிற்சாலைக்கென்று வந்தது 60 கிலோ எடையுள்ள பி2. ஐபி67 காப்புடைய அது நடந்தபடியே 40 கிலோ சுமக்கும். சுமையில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் நடக்கும் என்று நிறுவனம் சொல்கிறது. தூக்கும் திறனிலும் ஓடும் நேரத்திலும் ஸ்பாட் இதன் அருகில்கூட வராது. ஆனால் அழுத்தமானியைப் படிப்பதும், ஆலையின் பராமரிப்புப் பதிவேட்டோடு இணைப்பதும் வாங்குபவரின் தலையில் விழும் வேலை. உடலைக் கொடுத்துவிட்டு மூளையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் வியாபாரம் இது. மேலும் 2025-இல், இதே நிறுவனத்தின் பழைய கோ1 ரோபோவில் வெளியிலிருந்து உள்ளே நுழைய வழிவிடும் சேவை ஒன்று முன்கூட்டியே நிறுவப்பட்டிருந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். ஆலையின் உள்வலைப்பின்னலோடு இணைக்கும் முன், இதைத் தனி வலையில் அடைத்துவைப்பது கட்டாயம்.

இந்த மூன்றுக்கும் உண்மையான போட்டி வேறு இடத்தில் இருக்கிறது: சக்கரம், நிலையான உணரி, ஷிப்ட் ஃபிட்டர். கப்பலூர்த் தொழிற்பேட்டையில் உள்ளவை போன்ற சமதளக் கூடங்களில் சக்கர ரோபோ போதும். நின்றிருக்கும்போது சக்கரத்துக்கு மின்சாரம் செலவாகாது, கால் மோட்டார்களோ நிற்பதற்கும் உழைக்க வேண்டும். நூற்பாலையில் பறக்கும் பஞ்சிழை மூட்டு இடுக்குகளில் படியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அங்கே கால்களுக்குச் செய்யும் செலவு வீண் என்றே கருதுகிறேன். இருபது மோட்டார்களின் அதிர்வை மட்டும் கவனிக்க வேண்டுமென்றால், ஒவ்வொன்றிலும் ஓர் அதிர்வு உணரியை ஒட்டிவிடுவது மலிவு. அது நாள் முழுவதும் விழித்திருக்கும், ரோபோ தன் முறை வரும்போதுதான் பார்க்கும். கால்கள் தம் விலையை ஈட்டுவது, இரும்புப் படிகளும் குழாய்களும் கேபிள் பள்ளங்களும் குறுக்கிடும் பழைய கொதிகலன் கூடத்திலும், கருங்கல் ஜல்லி பரப்பிய துணை மின்நிலையத்திலும்தான். மின்நிலையத்தில் மனிதர் போகத் தயங்கும் நேரத்திலும் வெப்பக் கேமராவோடு இது போய்வரும்.

சிவகாசிப் பட்டாசு ஆலைகளுக்கு இதை அனுப்பலாமே என்ற எண்ணம் எளிதில் தோன்றும். ஆபத்தான வேலை, மனித உயிர் மிஞ்சும் என்ற கணக்கு அது. ஆனால் சாதாரண நாற்கால் ரோபோ லித்தியம் மின்கலமும் பன்னிரண்டு மோட்டார்களும் சுமந்து நடக்கும் தீப்பொறிக்கான வாய்ப்பு. எரிவாயுவுக்குப் பெற்ற ஸோன் 1 சான்றும் வெடிமருந்துத் தூளுக்குப் பொருந்தாது. அவை வெவ்வேறு சோதனைகள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தைக் கண்காணிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு: இயங்கும் ஸ்பாட்டிலிருந்து மக்கள் குறைந்தது 2 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்பது அதன் உற்பத்தியாளரே விதித்த நிபந்தனை. மாசி வீதிகளில் அந்த 2 மீட்டருக்கு எங்கே போவது?

பொறியியல் கல்லூரிகளின் கணக்கு வேறு. மாணவர்கள் நடைக்கான நிரலை எழுதிப் பார்க்க, ஒரு ஸ்பாட்டைவிட இரண்டு கோ2 எடு ரோபோக்கள் மேல். ஒன்றை உடைத்தாலும் மற்றொன்று ஓடும். ஆலைகளோ முன்பணம் கொடுப்பதற்கு முன் விற்பனையாளரை மே மாதத்தில் ஒருமுறை வரச்சொல்ல வேண்டும். மதுரை வெயில் 40 பாகையைத் தாண்டும் பகலில், கொதிகலன் அருகே, எண்ணெய் படிந்த இரும்புப் படியில், தொடர்ந்து மூன்று சுற்று நடத்திக் காட்டச் சொல்லுங்கள். கால் மூட்டு பழுதானால் மாற்று உதிரிப்பாகம் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பில் உள்ளதா, அல்லது வெளிநாட்டுக்கே அனுப்ப வேண்டுமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சுங்க வரியும் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் அந்தத் தாளிலேயே இடம்பெற வேண்டும்.