எல்லாம் நல்ல கேபினெட், பவர் பட்டனைத் தவிர

என் டெஸ்க்டாப்பின் பாகங்களையெல்லாம் மாட்டியிருக்கும் பெட்டி, அதாவது கேபினெட், அதன் விலை இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது. புதிதாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப்போகும் நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "நீதான் வருஷக்கணக்காக வைத்திருக்கிறாயே, வாங்கலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் அதன் பவர் பட்டனைக் கழற்றி உள்ளே இருந்த ஸ்விட்சை மாற்றினேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி நல்ல பெட்டி. முன்பக்கம் முழுக்க வலை, காற்று தாராளமாக உள்ளே போகிறது. மணிக்கணக்கில் கேம் ஓடினாலும் கிராபிக்ஸ் கார்டு விசிறி இரைச்சல் போடுவதில்லை. தூசி வடிகட்டிகளை உருவியெடுத்துத் தட்டிவிட்டு மறுபடி சொருகிவிடலாம். மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் வந்து சேரும் பெரிய சர்க்யூட் பலகை) மாட்டும் தட்டுக்குப் பின்னால் வயர்களை ஒளித்துவைக்க நிறைய இடம். தகட்டின் ஓரங்கள் கையைக் கீறுவதில்லை; சொந்தமாக அசெம்பிள் செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, இப்போது பட்டன்.

மிஷினைப் புதிதாகக் கட்டியபோது, வழக்கப்படி மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பிராசசர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டை மிஷினுக்கு வேண்டிய வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டி) மட்டும் இணைத்துப் பார்த்தேன். ஓடியது. கேபினெட்டுக்குள் மாட்டி, முன்பக்க மூடியைப் போடாமல் பட்டனை அழுத்தினேன். அப்போதும் ஓடியது. எல்லா வயரையும் அழகாகக் கட்டி, மூடியை மாட்டி, பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, லைட் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் பொத்தென்று அணைந்துவிடுகிறது. அதன்பிறகு எவ்வளவு அழுத்தினாலும் மூச்சே இல்லை. மூடியைக் கழற்றினால் மறுபடி ஒழுங்காக ஓடும்!

திறந்தால் ஓடுகிறது, மூடினால் படுத்துவிடுகிறது என்றால் யாராக இருந்தாலும் ஷார்ட், அதாவது கரண்ட் போகக்கூடாத வழியில் போகிறது என்றுதான் சொல்வார்கள். மதர்போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தகட்டில் படாமல் தூக்கிப் பிடிக்கும் குட்டி உலோகக் கால்) இருந்து, அதன் தலை பின்பக்கச் சாலிடரில் முட்டினால் இப்படி நடக்கும். அதனால் போர்டை முழுசாக வெளியே எடுத்துப் பார்த்தேன். எல்லா ஸ்டாண்ட்ஆஃபும் துளைகளுக்கு நேராகவே இருந்தன. பிராசசருக்குத் தனியாகப் போகும் 8 பின் கனெக்டர், புதிதாகக் கட்டுபவர்கள் அடிக்கடி மறக்கும் சமாச்சாரம், அதுவும் இறுக்கமாகத்தான் இருந்தது. ரேமை இடம் மாற்றினேன். மதர்போர்டின் செட்டிங்குகளை நினைவில் வைத்திருக்கும் சிமாஸ் பேட்டரியை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஒன்றும் மாறவில்லை. கேபினெட் தயாரித்த கம்பெனியின் சேவை மையத்தைக் கேட்டால் வந்த ஒரே பதில்: "வேற எஸ்எம்பிஎஸ் போட்டுப் பாருங்க சார்." அவர்கள் விற்றது எஸ்எம்பிஎஸ் இல்லை என்பதால் அவர்களுக்கு அது சௌகரியமான பதில்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு, மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் 16-ஆவது பின்னையும் பக்கத்திலிருக்கும் 17-ஆவது கிரவுண்டையும் கிளிப்பால் இணைத்து, பின்பக்க ஸ்விட்சைப் போட்டால் எஸ்எம்பிஎஸ் கிளம்ப வேண்டும். என்னுடையது கிளம்பியது. ஆனால் இந்தச் சோதனையை ரொம்பவும் நம்பக் கூடாது. உயிர் இருக்கிறதா என்று மட்டும்தான் இது காட்டும், பாரம் தாங்குமா என்று காட்டாது. இன்னொன்று, இப்போது வரும் பல எஸ்எம்பிஎஸ்களில் பாரம் குறைவாக இருந்தால் விசிறியே சுற்றாது. அதைப் பார்த்துவிட்டுச் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு கேபினெட் விசிறியை அதில் இணைத்துப் பாருங்கள். எக்காரணம் கொண்டும் அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

கடைசியில் துப்பு கொடுத்தது அந்தக் 'கொஞ்ச நேரம்'தான். ஷார்ட் இருந்தால் எஸ்எம்பிஎஸ் அவ்வளவு பொறுமையாக இருக்காது. விசிறி ஒரு வெட்டு வெட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். இதுவோ ஒவ்வொரு முறையும் நான்கு விநாடி ஓடிவிட்டு அணைந்தது. நான்கு விநாடி என்பது பழக்கப்பட்ட கணக்கு. கம்ப்யூட்டர் உறைந்துபோனால் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிறோமே, அதே கணக்கு. நான்கு விநாடிக்கு மேல் பட்டன் அழுத்தியபடி இருந்தால், விண்டோஸ் என்ன செய்துகொண்டிருந்தாலும் பவரை வெட்டிவிட வேண்டும் என்பது ஏசிபிஐ (கம்ப்யூட்டரின் பவர் நிர்வாகத்துக்கான பொதுத் தரம்) விதி. அப்படியென்றால் யாரோ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த யாரோ, முன்பக்க மூடி. பட்டனின் பிளாஸ்டிக் தொப்பி மூடியிலுள்ள துளை வழியாக வெளியே வருகிறது. துளை தொப்பியைவிட மயிரிழைதான் பெரிது. மூடியை மாட்டும்போது கொஞ்சம் ஒருபக்கமாக உட்கார்ந்தாலும் தொப்பி ஓரத்தில் உரசும். அழுத்தினால் உள்ளே போகும், திரும்பி வராது. பட்டன் விடுபடாததால் அடுத்தடுத்து எத்தனை முறை அழுத்தினாலும் மதர்போர்டுக்குப் புதிதாக எந்தத் தகவலும் போகாது. மூடியைக் கழற்றினால் தொப்பி விடுபடும், எல்லாம் சரியாகிவிடும், நாமும் உட்கார்ந்து ஷார்ட்டைத் தேடுவோம்.

உறுதிப்படுத்துவது சுலபம். பவர் பட்டனிலிருந்து மதர்போர்டுக்கு வரும் குட்டி கனெக்டரை உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டேன். மூடி மாட்டியபடியே மிஷின் கிளம்பியது, ஓடிக்கொண்டே இருந்தது. புது மிஷின் ஆன் ஆகவில்லை என்று யார் சொன்னாலும் நான் இப்போதெல்லாம் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன். ஒரு நிமிஷ வேலை, காசு செலவில்லை.

ஏன் இது வேலை செய்கிறது என்றால், பவர் பட்டன் மின்சாரத்தைத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. அது வாசல் மணி மாதிரி. உள்ளே இருப்பவரைக் கூப்பிடும், அவ்வளவுதான். மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் மூன்றுக்குமான ஏடிஎக்ஸ் என்ற பொது முறையை இன்டெல் 1995-இல் கொண்டுவருவதற்கு முந்தைய பல மிஷின்களில் முன்பக்க ஸ்விட்ச் வரைக்கும் மெயின்ஸ் கரண்டே வரும். அதைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். இப்போது அப்படியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்ச் ஆனில் இருந்தாலே மதர்போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (மிஷின் அணைந்திருக்கும்போதும் வரும் காத்திருப்புக் கரண்ட்) எப்போதும் வந்துகொண்டிருக்கும். பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு அந்த 16-ஆவது பின்னைக் கிரவுண்டோடு சேர்க்கும். பேப்பர் கிளிப் செய்ததும் அதைத்தான். அப்புறம்தான் 12, 5, 3.3 வோல்ட்டுகள் கிளம்பும். அவை நிலைத்ததும் அரை விநாடிக்குள் 'எல்லாம் சரி' என்று எஸ்எம்பிஎஸ் தகவல் அனுப்பும், பிராசசர் விழித்துக்கொள்ளும். இத்தனை பெரிய ஏற்பாடும் ஒரு பிளாஸ்டிக் தொப்பி உரசுவதால் படுத்துவிடுகிறது.

இனி வருவது இந்தப் பெட்டி எனக்குக் கொடுத்த ஒரே எதிர்பாராத சந்தோஷம். ரீசெட் பட்டனும் உள்ளுக்குள் அதே மாதிரி ஸ்விட்ச்தான். பெரும்பாலான மதர்போர்டுகளில் பவர் ஸ்விட்சின் பின்களுக்கு நேர் எதிர் வரிசையிலேயே ரீசெட் பின்கள் இருக்கும். ரீசெட் கனெக்டரை உருவி பவர் பின்களில் சொருகினேன். பிளஸ், மைனஸ் கவலை இல்லை. லைட்டுகளுக்குத்தான் அது வேண்டும். அன்றிலிருந்து ரீசெட் பட்டனே என் பவர் பட்டன். சின்னது, அசிங்கமான இடத்தில் இருக்கிறது, ஒரு நாளும் சிக்கியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் பெரிய பட்டனை அழுத்திவிட்டு விழிப்பதைப் பார்க்கும் சந்தோஷம் தனி.

அப்படியே காலம் ஓடியது. போன வாரம் தூசி தட்டக் கழற்றியபோது, இருக்கட்டும் என்று பெரிய பட்டனையும் சரிசெய்துவிடலாம் என உட்கார்ந்தேன். முன்பக்கப் பாகம் தனியாகக் கிடைக்காதாம், கம்பெனியில் கேட்டுவிட்டேன். துளையின் ஓரத்தை உப்புக் காகிதத்தால் தேய்த்து அகலப்படுத்தினேன். இவ்வளவு காலம் அழுந்தியே கிடந்ததில் ஸ்விட்சும் தளர்ந்திருந்தது. சாலிடரை எடுத்துவிட்டு அதே அளவில் வேறொன்றை வைத்தேன். இப்போது வேலை செய்கிறது. ஆனாலும் கை தானாக ரீசெட்டுக்குத்தான் போகிறது.

இதையெல்லாம் செய்ய விருப்பமில்லாதவர்கள் பயாஸில் (மதர்போர்டின் சொந்த செட்டிங் திரை) போய், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் பின்பக்க ஸ்விட்சே பவர் பட்டன்.

ஆக, நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். காற்றோட்டம், வடிகட்டி, இடவசதி எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டுத்தான் சொல்கிறேன், வேண்டாம். ஒரு கேபினெட்டில் தினமும் கை படும் பாகம் ஒன்றே ஒன்றுதான். அதைச் சரியாகச் செய்யாதவர்களுக்கு விலைக் குறைப்பு ஒரு பரிகாரமே இல்லை. வேறு எந்தப் பெட்டியைப் பார்க்கப் போனாலும் முன்பக்க மூடி மாட்டியிருக்கும்போது பட்டனை ஓரமாக, கோணலாக அழுத்திப் பாருங்கள். திரும்பி வராவிட்டால் அதையும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

"அப்புறம் நீ மட்டும் ஏன் இன்னும் அதையே வைத்திருக்கிறாய்?" என்று அவர் கேட்பார் என்பதும் தெரியும். கிராபிக்ஸ் கார்டை இவ்வளவு குளிர்ச்சியாக வைத்திருக்கும் இன்னொரு பெட்டியைக் காட்டட்டும், மறுநாளே மாற்றிவிடுகிறேன்.