பழைய தமிழ் நேசன் கட்டு: மைக்ரோஃபிலிமா, ஸ்கேனா?

பினாங்கில் வீடு ஒழிக்கும்போது தாத்தாவின் தமிழ் நேசன் கட்டு கிடைக்கிறது. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019இல் நின்றுபோன நாளிதழ். தொட்டால் ஓரம் அப்பளமாக நொறுங்குகிறது. தாளின் மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற பொருளும் நம்மூர்ப் புழுக்கமும் சேர்ந்து செய்த வேலை. இதைக் காப்பாற்ற இரண்டு வழி: பக்கங்களை மிகச் சிறிதாக்கி ஃபிலிம் சுருளில் படமெடுக்கும் மைக்ரோஃபிலிம், அல்லது கணினிக் கோப்பாக்கும் ஸ்கேன்.

ஆயுள்: பாலியஸ்டர் ஃபிலிம் குளிர்ந்த, உலர்ந்த அறையில் சில நூறு ஆண்டு தாங்கும். ஸ்கேன் கோப்போ, ஹார்ட் டிஸ்க் செத்தால் போச்சு. மூன்று பிரதி வேண்டும், ஒன்று வேறு ஊரில்.

செலவு: ஃபிலிமுக்குத் தனிக் கேமரா, தனி அறை; வீட்டில் நடக்காது. ஸ்கேன் மலிவு.

தேடல்: ஃபிலிமை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்கேனில், எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளை ஓட்டினால், சொல்லைத் தட்டித் தேடலாம், ஆனால் பழைய ‘ணை’, ‘லை’ வடிவங்களில் அது தடுமாறும்.

கட்டோடு பத்திரிகைக்கு எடுத்த புகைப்படப் பிரதிகளும் இருந்தால், அவற்றுக்கு ஸ்கேன்தான். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் முகங்களின் சாம்பல் நிறம் கரைந்துவிடும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து; பென்சிலில் எழுதிய பெயரும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

ஆண்டுக்கணக்கில் தொடர்ச்சியாக இதழ்கள் இருந்தால் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகமான ஆர்க்கிப் நெகாராவிடம் பேசுங்கள், ஃபிலிம் அவர்கள் வேலை. பத்திருபது நறுக்குகள் என்றால் ஸ்கேன் போதும். அப்புறம், லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்!