வெள்ளை லித்தியம் கிரீஸ் ஸ்பிரே: குளிரில் இறுகும் காரின் கதவுக்கு எவ்வளவு உதவும்?

கடுங்குளிரில் காரின் கதவு திறக்க மறுப்பதும், திறந்த கதவு பிறகு மூடிக்கொள்ளாமல் துள்ளித் திரும்புவதும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவதற்குப் பெரும்பாலும் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை சட்டத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்வதே காரணம். அதற்குச் சிலிக்கான் ஸ்பிரேதான் ஏற்றது. வெள்ளை லித்தியம் கிரீஸ் இரண்டாவதற்கானது.

கதவை மூடிய நிலையில் பிடித்துவைக்கும் லாட்சுக்குள், காரின் உடற்பகுதியில் பொருத்தப்பட்ட கம்பியைக் கவ்வும் சுழல் கொக்கி ஒன்றும், அக்கொக்கி பின்வாங்காமல் தடுக்கும் சிறு நெம்புகோலும், அந்நெம்புகோலை அதன் இடத்துக்குத் தள்ளும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. தூசியோடு சேர்ந்து கெட்டிப்பட்ட பழைய கிரீஸ் குளிரில் மேலும் இறுகும்போது ஸ்பிரிங்கின் விசை போதாமல் போகிறது. கொக்கி கம்பியைக் கவ்வினாலும் பிடி நிற்பதில்லை.

இந்த ஸ்பிரேயின் பெரிய நன்மை, கரைப்பானோடு நீர்மமாக உள்ளே பாய்ந்து, கரைப்பான் ஆவியானதும் வழியாத வெண்படலமாகத் தங்கிவிடுவதுதான். மெல்லிய குழாயைச் செருகினால், கதவுப் பலகையைக் கழற்றாமலே கொக்கியின் அச்சுவரை எட்டலாம். ஆனால் பழைய பிசுக்கின் மேலேயே இதை அடித்தால் பிசுக்குதான் கூடும். முதலில் டபிள்யூ.டி.-40 போன்ற எண்ணெய் ஸ்பிரே ஒன்றைத் தாராளமாக அடித்து, கைப்பிடியைப் பலமுறை இழுத்து, கரைந்து வரும் கறுப்பு அழுக்கைத் துடைத்தெடுக்க வேண்டும். 1953இல் ஈரத்தை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்ட அந்தத் திரவம் உடனே பலன் தருவதால் பலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் மெல்லிய எண்ணெய்ப் படலம் நெடுநாள் நிற்காது என்பதால், அடுத்த குளிரலையில் அதே தொல்லை திரும்ப வரக்கூடும்.

உள்ளே நீர் புகுந்து பனிக்கட்டியாகியிருந்தால் இந்த கிரீஸ் பயன்படாது. ஆல்கஹால் கலந்த பனியுருக்கி ஸ்பிரேயால் அதை இளக்கி, நன்கு உலரவிட்ட பிறகே கிரீஸ் இட வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் -89 டிகிரி செல்சியஸ் அளவில்தான் உறையும் என்பதால் இதற்கு அது பொருத்தமானது. வெந்நீர் ஊற்றுவது கூடவே கூடாது. அந்த நீரே மறுபடி உறையும், கண்ணாடியும் விரிசல் விடலாம்.

குறை என்றால், வெண்படலம் ஆடையில் பட்டால் எளிதில் போகாது. மிகுதியைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். கதவு திறந்திருக்கும்போதே கொக்கியை ஸ்குரூடிரைவரால் மூடிச் சோதித்திருந்தால், கைப்பிடியை இழுத்து அதை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள். மூடிய கொக்கி கம்பியில் மோதினால் லாட்சே சேதமடையலாம்.